மூன்றாவது சிலிண்டர்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டு குடம் பிடித்து வைத்தேன். பல் விளக்கினேன், முகம் மழித்தேன். துவைத்துப் போட்ட சட்டை மழையில் காயவில்லை. முந்தின நாள் சட்டையையே போட்டுக்கொண்டேன். தெருமுனை காபி கிளப்பில் இரண்டு இட்லி, ஒரு காபி. திரும்பி வந்து முன்னறையைப் பெருக்கினேன். அதுதான் ஆபீஸ். வாசலில் தொங்கும் பலகையைத் துணியால் துடைத்தேன். 'முத்திருளன், பி.ஏ., துப்பறிபவர்.' நாற்காலியில் உட்கார்ந்தேன். மணி ஏழு. என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. காலைகள் இப்படித்தான் போகின்றன.

ஏழே காலுக்கு ஜமீல் வந்தான். என் உதவியாள். அதற்கு முன்னால் ஏழு வருஷம் திண்டுக்கல் பஸ்ஸில் கிளீனராகவும் கண்டக்டராகவும் இருந்தவன். அவன் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. அக்காளுக்குப் பிரசவம் என்று பத்து நாளாக வாடிப்பட்டியில் இருந்துவிட்டு முந்தின இரவுதான் ஊர் திரும்பியிருந்தான். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவன் காரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

"அண்ணே, காஜிமார் தெரு வழியாத்தான் வாரேன். நீங்க வைத்தியம் பாத்த காரு இன்னும் காய்ச்சக்காரன் மாதிரி நடுங்கிக்கிட்டுக் கெடக்கு."

தொட்டியைக் காலி செய்து, கழுவி, புதுக் கூப்பனுக்குப் புதுப் பெட்ரோல் ஊற்றியும் அப்படியே இருக்கிறது என்றான்.

நடந்தது இதுதான். சேக் மைதீன் அத்தரும் சந்தனமும் ஊதுபத்தியும் விற்கிறவர். நாலு சிலிண்டர் கார் ஒன்று வைத்திருக்கிறார். போன வாரம் அது திடீரென்று நின்ற இடத்தில் உதற ஆரம்பித்தது. ஓடும்போது இடையிடையே திக்கியது. யுத்த காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். டிரைவர்கள் பெட்ரோலை வெளியே விற்றுவிட்டு மண்ணெண்ணெயைக் கலக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவருக்கும் சந்தேகம் வந்தது. என்னை வரச்சொன்னார்.

ஐந்து நாளுக்கு முன்னால் நான் போனேன். டிரைவர் சங்கிலி பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். எஞ்சின் முழுவதும் மண்ணெண்ணெய் வாடை. அவன் கையில் அதே வாடை. சீட்டுக்கு அடியில் அவன் தினமும் கை துடைக்கிற துணி, அதிலும் அதே வாடை. இருபது நிமிஷத்தில் முடிவைச் சொல்லிவிட்டேன். தொட்டியை முகர்ந்து பார்த்ததில் தன் மூக்குக்கு ஒன்றும் படவில்லை என்று சேக் மைதீன் தயங்கினார். பெட்ரோல் வாடையில் அது அமுங்கிப்போகும் என்று விளக்கினேன். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. நான் பட்டதாரி. அவர் தலையாட்டினார். என் முடிவை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. மண்ணெண்ணெயைத் தொட்டாயா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். தொட்டேன் என்று சங்கிலி சொல்லியிருக்கிறான். அவர்களுக்கு அது போதும்.

"இன்னைக்கு அவன் கையில மை பூசுறாகளாம்ணே," என்றான் ஜமீல். "டீக்கடையில ஏட்டு சொன்னாரு. நாலு மணி பஸ்ஸுல பேப்பர் உசிலம்பட்டிக்குப் போகுது."

சங்கிலிக்குச் சொந்த ஊர் உசிலம்பட்டிக்குப் பக்கம். அந்தப் பக்கத்தில் பல பேருக்கு ஸ்டேஷனில் ரேகைப் புத்தகம் உண்டு. குற்றம் செய்தவன் செய்யாதவன் என்ற பேச்சில்லை. பிறந்த சாதி போதும். பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிப்பார்கள். பதிந்தவன் தினமும் பொழுது சாய்ந்ததும் ஸ்டேஷன் வாசலில் போய்ப் படுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போகச் சீட்டு வாங்க வேண்டும். சங்கிலி மனுமேல் மனுப் போட்டு ஆறு வருஷத்துக்கு முன்னால் அதிலிருந்து பெயரை எடுக்க வைத்தவன். அதனால்தான் மதுரையில் கார் ஓட்ட முடிந்தது, ஆனையூரில் மனைவியோடு குடியிருக்க முடிந்தது. அந்தப் பேப்பர் நாலு மணிக்குப் பஸ் ஏறினால் பெயர் திரும்பவும் புத்தகத்துக்குப் போய்விடும்.

செருப்பைப் போட்டேன்.

காஜிமார் தெருவில் சேக் மைதீன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. இரவு பெய்த மழையில் தரை ஈரமாக இருந்தது. தற்காலிக டிரைவர் காளை எஞ்சினை முடுக்கி விட்டான். கார் நின்ற இடத்திலேயே குலுங்கியது. மட்கார்டு அதிர்ந்தது. புகைக்குழாய் மூன்று தடவை ஒழுங்காக மூச்சு விட்டு நாலாவது தடவை இருமியது. சேக் மைதீன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். வாங்க தம்பி என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜமீல் சட்டையைக் கழற்றி மாட்டினான். கட்டைப் பிடி போட்ட திருப்புளி ஒன்றை எடுத்தான். ஓடுகிற எஞ்சினில், சிலிண்டருக்கு ஒன்றாகப் பொறி கொடுக்கும் பிளக்கின் தலைக்கும் எஞ்சின் இரும்புக்கும் குறுக்கே அதை வைத்தால் மின்சாரம் இரும்பிலேயே இறங்கிவிடும், அந்த சிலிண்டர் மட்டும் நின்றுவிடும் என்று காளைக்கு விளக்கினான். முதல் பிளக்கில் வைத்தான். எஞ்சின் தொய்ந்து, அணையப் பார்த்தது. எடுத்தான். இரண்டாவதில் வைத்தான். அதேபோல் தொய்ந்தது. மூன்றாவதில் வைத்தான். ஒரு மாற்றமும் இல்லை. நாலாவதில் திரும்பவும் தொய்ந்தது.

"மூணாவது செத்துக் கெடக்கு," என்றான். "உயிரோட இருக்கிறவன் கழுத்தப் பிடிச்சாத் திமிறுவான். இவன் திமிறல."

அதனால் என்ன என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நாலு பேருக்கும் ஒரே பந்தி அண்ணே, ஒரே பானைச் சோறு. சீமெண்ணெய் கலந்திருந்தா நாலு பேருக்கும்ல வயித்த வலிக்கணும். ஒருத்தனுக்கு மட்டும் வலிச்சா சமையக்காரன அடிக்கலாமா?"

சேக் மைதீன் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கல்லூரியில் தர்க்கசாஸ்திரம் படித்தவன் நான். இதைக் கண்டுபிடிக்கத் தர்க்கசாஸ்திரம்கூட வேண்டாம். ஒரு திருப்புளி போதும். அன்று நான் திருப்புளியைத் தொடவில்லை. மோந்து பார்த்ததோடு சரி.

மூன்றாவது பிளக்கைக் கழற்றி முதலாவது இடத்திலும், முதலாவதை மூன்றாவது இடத்திலும் மாட்டச் சொன்னேன். இப்போது மூன்றாவது சிலிண்டர் பிழைத்துக்கொண்டது, முதலாவது செத்தது. ஆக நோய் சிலிண்டரில் இல்லை, பிளக்கில். கொட்டகைக் கதவைச் சாத்தினோம். இருட்டில் அந்தப் பிளக்கைப் பார்த்தபோது வெள்ளைப் பீங்கானின் வெளிப்புறத்தில் மயிரிழை அளவு நீலப் பொறி ஒன்று ஊர்ந்து இறங்கியது. உள்ளே குதிக்க வேண்டிய பொறி வெளியே வழிந்து போய்க்கொண்டிருந்தது.

கதவைத் திறந்து பார்த்தோம். பொறி இறங்கிய பாதையில் சிவப்பாக ஒரு கோடு, தண்ணீர் பட்டு வழிந்ததுபோல. நிமிர்ந்து பார்த்தேன். பானட்டின் நடுக் கீல் மூன்றாவது பிளக்குக்கு நேர் மேலே இருந்தது. கீல் வழியே மழை சொட்டியிருக்கிறது. மற்ற மூன்று பிளக்குகளையும் துடைத்துப் பார்த்தோம். அவற்றிலும் சிவப்பு இருந்தது. வழியவில்லை. வட்டமாக, காய்ந்து, மூன்றும் ஒரே இடத்தில், ஒரே அளவில்.

நான் அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, செந்தூரம் என்றேன். எஞ்சின் மூட்டுகளில் கசியாமலிருக்க ஃபிட்டர்கள் எண்ணெயில் குழைத்துத் தடவுகிற சிவப்புப் பொடி. யாரோ ஒரு ஃபிட்டர் வேண்டுமென்றே பிளக்கில் தடவியிருக்கிறான் என்றேன்.

"ஒரே வாரத்துல ரெண்டாவது குத்தவாளி," என்றான் ஜமீல். "இந்த வேகத்துல போனா தீவாளிக்குள்ள மதுரையே உள்ள போயிரும்ணே. பூட்டுறதுக்கு நீங்க ஒரு ஆளுதான் வெளிய இருப்பீக."

காரில் கடைசியாகக் கை வைத்தவர் யார் என்று சேக் மைதீனைக் கேட்டேன். ஆவணியில் மேல வெளி வீதி மொக்கைச்சாமி வால்வு தேய்த்துக் கொடுத்ததாகச் சொன்னார். பிளக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். மணி பத்தரை.

மொக்கைச்சாமியின் ஒர்க்ஷாப் ஒரு நீளமான கூடம். இரண்டு லேத், ஒரு உலை, மூன்று பஸ் எஞ்சின்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பேசுவார். நான் நின்றுகொண்டே கேள்வி கேட்டேன். அந்தக் காரை யார் யார் தொட்டார்கள், செந்தூர டப்பா யாரிடம் இருக்கும், அவர்களில் சங்கிலிக்கு வேண்டாதவர் யார். அவர் கையை நீட்டினார். பிளக்கைக் கொடுத்தேன்.

நகத்தால் சுரண்டினார். செந்தூரம் எண்ணெயில் குழைத்தது, இழுபடும், இது பொடியாக உதிர்கிறது என்றார். எச்சிலைத் தொட்டுத் தேய்த்தார். விரல் சிவந்தது. அந்த விரலை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"நம்ம பக்கந்தானா," என்றார். பிளக்கை வைஸ் மேடையில் வைத்துவிட்டு உலைப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜமீல்தான் என் முழங்கையைத் தொட்டான். பிளக்குக்குப் பக்கத்தில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸைக் காட்டினான். அதன் நெற்றியில் காய்ந்த சந்தனம், நடுவில் வட்டமாகக் குங்குமம். சுத்தியல் பிடியில் ஒன்று. லேத்தின் தலையில் ஒன்று. அதில் வாடிப்போன சாமந்திச் சரம்கூடத் தொங்கியது. உலைத் துருத்தியில் ஒன்று. கூடத்தில் இருந்த எல்லா இரும்புக்கும் பொட்டு இருந்தது. மோதிர விரல் அளவு. பிளக்குகளில் இருந்த அதே அளவு.

"ஆயுத பூசை போட்டு எட்டு நாளு ஆச்சு. இன்னும் அழிக்காம வச்சிருக்காரு," என்றான் ஜமீல். குரலில் கேலி இல்லை. "அண்ணே, நான் பாங்கு கேட்டு எந்திரிக்கிற வீட்டுல பொறந்தவன். பொட்டுன்னு எனக்குத் தெரியுது."

மண்ணெண்ணெய் வாடையும் அப்போதுதான் விளங்கியது.

ஆயுத பூசைக்கு முன்னால் எல்லோரும் இரும்பைக் கழுவுகிறார்கள். அழுக்குப் போக எதைத் தொட்டுத் துடைப்பார்கள்? மண்ணெண்ணெயை. எஞ்சினில் வாடை, கையில் வாடை, துணியில் வாடை. மூன்றும் ஒரே காரியத்தின் வாடை. சங்கிலி தொட்டேன் என்று சொன்னது உண்மை. அவன் தன் வண்டியைக் குளிப்பாட்டியிருக்கிறான்.

அன்றைக்கு ஊர் முழுவதும் பொட்டு வைத்திருப்பார்கள். தராசுக்கு, தையல் மெஷினுக்கு, ஜட்கா சக்கரத்துக்கு, அச்சு யந்திரத்துக்கு. அந்தத் தெருக்களில்தான் நான் நடந்திருக்கிறேன். பொரி விற்றிருப்பார்கள், பூசணிக்காய் உடைத்திருப்பார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. அது வீட்டுக்குத்தான் விதி. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி யாரும் எனக்கு விதி போடவில்லை.

மொக்கைச்சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் துருத்தியை மிதித்துக்கொண்டே, போயி அந்தப் பயல வெளிய எடுங்க என்றார்.

நேரே ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். ஜமீல் மறுத்தான். நான் முதலில் சொன்னதும் ஊகம், இப்போது சொல்லப்போவதும் ஊகம்; பொட்டு வைத்த விரலைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றான். அவன் சொன்னது சரி. அன்று அவன் சொன்ன எல்லாமே சரியாக இருந்தது. ஜட்கா பிடித்தோம்.

ஆனையூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. வண்டிப்பேட்டைக்குப் பின்னால் ஏழெட்டுக் குடிசைகள். சங்கிலியின் மனைவி ஒச்சாயி வாசலில் புல்லுக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஸ்டேஷனிலிருந்து வருகிறோம் என்று நினைத்து எழுந்து நின்றாள். நான் யார் என்று சொன்னேன். பெயரைக் கேட்டதும் அவள் முகம் மாறவில்லை. பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

பிளக்கைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். தான் வைத்ததுதான் என்றாள். பூசையன்று முதலாளி வீட்டார் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் சங்கிலி அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனானாம். விடிகாலையிலேயே எஞ்சினைத் துடைத்து வைத்திருந்தானாம். அவன் பானட்டைத் தூக்கிப் பிடிக்க, அவள் நாலு பீங்கானிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். எண்ணெய் எங்கே வாங்கினீர்கள் என்று ஜமீல் கேட்டான். விளக்குக்கு வாங்கிய எண்ணெய்தான், ரேஷனில் கொடுத்தது என்றாள். அப்புறம் இரண்டு நாள் விளக்கில்லாமல் படுத்தோம் என்றாள். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

உள்ளே எதற்கு வைத்தீர்கள், எல்லோரும் வெளியே முன்பக்கத்தில்தானே வைப்பார்கள் என்று கேட்டேன்.

"முதலாளி துலுக்கரு. வெளிய வச்சா அவுக மனசு சங்கடப்படும். உள்ள வச்சா வண்டிக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்னு எங்க வீட்டுக்காரவுக சொன்னாக."

பிறகு பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதனாலா வண்டி ஆடுகிறது என்று கேட்டாள்.

ஜமீல் ஜட்காக் குதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான் சொன்னேன். கீல் வழியாக மழை ஒழுகியது, ஈரத்தில் மின்சாரம் வழிமாறிப் போனது, மழை பெய்யாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று. சொன்னது அத்தனையும் உண்மை. அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பிளக்கை முந்தானையால் ஒரு தடவை அழுத்தித் துடைக்கப் போனாள். சாட்சி அது, அழிக்க வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். அப்படி அவசரமாக வாங்கியிருக்க வேண்டாம்.

புல்லுக்கட்டை அப்படியே போட்டுவிட்டு ஜட்காவில் ஏறினாள்.

சேக் மைதீனின் கடைக்குள் அகில் வாடையும் பன்னீர் வாடையும் நின்றன. இரண்டு மணி. அவர் பிளக்கை மூக்கருகில் கொண்டுபோனார். கண்ணை மூடினார்.

"சந்தனம். மட்டச் சரக்கு, ஆனா சந்தனந்தான்," என்றார்.

விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவர் ஒச்சாயியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக இந்த மூக்கை வைத்துத்தான் பிழைக்கிறேன், அது தொட்டியில் மண்ணெண்ணெய் இல்லை என்று சொன்னது, நான்தான் அதை நம்பாமல் போனேன் என்றார். யாரை நம்பினார் என்று அவர் சொல்லவில்லை.

பிறகு ஒச்சாயியிடம் திரும்பினார். "ஏம்மா, அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல சந்தனமா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே. தொழிலைக் கும்புடுறவன் மேல எனக்கென்ன வருத்தம்?"

அவர் குல்லாவை எடுத்து வைத்துக்கொண்டு, கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்தார்.

ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது மூன்றே கால். மேஜையில் பழுப்பு உறை ஒன்று ஒட்டாமல் இருந்தது. இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். சேக் மைதீன் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். ஒச்சாயி சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிளக்கைப் பார்த்தார். ஜமீல் திருப்புளிக் கதையைச் சொன்னான், பந்தியை மட்டும் விட்டுவிட்டான். எல்லாம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் ஒரு காலித்தாளை என் பக்கம் தள்ளினார்.

முதலாளி சந்தேகம்தான் பட்டார், குற்றம் என்று எழுத்தில் கொடுத்தது நீங்கள். அது தப்பு என்றும் எழுத்தில் நீங்களே கொடுக்க வேண்டும் என்றார். எழுதினேன். 'நான் சரியாகப் பரிசோதிக்கவில்லை. என் முடிவு தவறு. சங்கிலி நிரபராதி.' மூன்று வரி. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"பி.ஏ.ன்னும் போடுங்க. போன கடிதாசியில போட்டிருந்தீங்கள்ல."

போட்டேன்.

உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். அதில் பத்து விரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது. கிழிப்பாரா என்று பார்த்தேன். கிழிக்கத் தனக்கு அதிகாரமில்லை, ஆனால் உசிலம்பட்டிக்கு இது போகாது என்று சொல்லி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். வெளியே நாலு மணி பஸ் ஹாரன் அடித்தது. ஏட்டு மற்றத் தபால்களை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சங்கிலியைக் கூட்டி வந்தார்கள். ஐந்து நாளில் தாடி வளர்ந்திருந்தது. விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தான், வேட்டியில் மை படக்கூடாது என்று. கான்ஸ்டபிள் ஒருவர் அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினார். மை போக அவர்கள் எல்லோருக்கும் கொடுக்கிற துணி. மண்ணெண்ணெயில் நனைத்தது.

சங்கிலி அதைப் பார்த்தான்.

"வேணாங்கய்யா," என்றான். "கையில வாடை நிக்கும்."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். ஜமீல் சிரிக்கவில்லை. அவன் வாசலுக்குப் போய்விட்டான்.

சேக் மைதீன் சங்கிலியின் தோளில் கை வைத்து ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். நாளைக்கு வந்துவிடு என்றும், கீலுக்கு ஒரு ரப்பர் பட்டை போட வேண்டும் என்றும் காதில் விழுந்தது. சங்கிலி தலையாட்டினான். நான் அவனுக்கு முன்னால் போய் நின்றேன். ஜட்காவில் வரும்போதே யோசித்து வைத்த வாக்கியங்கள் நாலைந்து இருந்தன. தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன்.

"சரிங்கய்யா," என்றான் அவன். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பேன்.

அவர்கள் இருவரும் படியிறங்கினார்கள். ஒச்சாயி அவனுடைய மைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் மை ஒட்டியது. பத்தடி போனதும் அவனை நிறுத்திவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தாள். நான் படியிலேயே நின்றேன்.

ஜமீல் இந்தக் கதையை இப்போதும் டீக்கடைகளில் சொல்கிறான். அந்த இடம் வந்ததும், உசிலம்பட்டி வசவு பத்தை அவள் என் முகத்துக்கு நேராக எடுத்து விட்டதாகச் சொல்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் எனக்குச் செய்கிற உபகாரம் அது. வசவு வாங்கியவனுக்கு வாங்கியதோடு தீர்ந்தது. ஆனால் அவள் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் அவளுக்கு எதிரில் ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன், எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவள் சொன்னது இதுதான்:

"அவுகளா வாயத் தொறந்து எதுவும் சொல்ற ஆளு இல்லய்யா. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."